டீச்சரிடம் கேளுங்கள்: அயர்லாந்தில் கடைசி நான்கு நாட்கள்

போன இதழில் எங்கள் அயர்லாந்துப் பயணத்தைக் கால்வே நகரத்துப் பாலத்தடியில் சல்மன் மீன் பார்த்ததோடு நிறுத்தி, "மிச்சத்தைக் கேட்டால் சொல்வேன்" என்று எழுதியிருந்தேன். சும்மா ஒரு பேச்சுக்கு எழுதியது. ஒரு பை நிறையக் கேள்வி வந்துவிட்டது. சரி, சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: மகள் டப்ளினில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. ஜூலையில் நானும் வீட்டுக்காரரும் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து போனோம். மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேத்தி, நாங்கள் இருவர், ஒரு கார், பன்னிரண்டு நாள்.

கேள்வி: கால்வேக்குப் பிறகு எத்தனை ஊர் பார்த்தீர்கள் டீச்சர்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். (வாசகி, ஆரையம்பதி)

எண்ணிக்கை கேட்டால் ஏமாந்துபோவீர்கள் தங்கச்சி. மருமகன் கணக்கு வேலை பார்க்கிறவர். அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தது ஏழு ஊர்: கில்லார்னி, கின்சேல், கோர்க், கோவ், வாட்டர்ஃபோர்ட், கேஷல், கில்கென்னி. நாலு நாளில் ஏழு. கில்லார்னியில் காலையில் குதிரை வண்டி, மத்தியானம் மக்ரொஸ் மாளிகை, பின்னேரம் ஏரி. அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா அது, 1932இல் வந்தது. அழகு என்றால் அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இரவு படுத்த பிறகு காலையில் பார்த்தது எது, பின்னேரம் பார்த்தது எது என்று எனக்குக் குழம்பிப்போயிற்று. பக்கத்தில் இவர் முழங்காலுக்குச் சித்தாலேப தடவிக்கொண்டு, "புள்ள, இது சுற்றுலாவா, தேர்தல் பிரசாரமா?" என்கிறார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். "மகன், இனி ஒரே ஊர். இரண்டு இரவு. நான் அசைய மாட்டேன்."

"மாமி, வாட்டர்ஃபோர்ட் கண்ணாடி பார்க்கவேணும் என்று நீங்கதானே சொன்னீங்க?"

"யூடியூப்பில் பார்க்கிறேன்."

அந்த ஒரே ஊர் கோவ். கோர்க் துறைமுகத்துக்குள்ளே ஒரு தீவு, பெயர் கிரேட் ஐலண்ட். அதன் தெற்குக் கரையில் ஊர். தரைவழியாகப் போனால் தீவுக்குள் நுழைய ஒரு பாலம்தான். எங்கள் மட்டக்களப்புப் புளியந்தீவுக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால் எங்கள் தீவு தட்டை, அது செங்குத்து. சரிவிலே வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற மாதிரி வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஊரார் அதற்குச் 'சீட்டுக்கட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடி வீடு விழுந்தால் மேலே உள்ளதெல்லாம் சரியுமாம். உச்சியில் புனித கொல்மன் பேராலயம். அதன் கோபுரத்தில் 49 மணிகள். ஞாயிறு பின்னேரம் ஓராள் மேலே இருந்து அவற்றை வாசிக்கிறார். அடிப்பதில்லை, வாசிப்பது. கீழே கடற்கரை வாங்கில் இருந்து கேட்டோம்.

இரண்டு நாளும் அந்த வாங்குதான். அங்கே ஜூலையில் இரவு ஒன்பதரைக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். படுக்கப் போகவும் மனம் வராது.

இவருக்கு முதல் நாளே கூட்டாளி கிடைத்துவிட்டார். இறங்குதுறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான மனிதர். இவர் வாவியில் வளர்ந்தவர். தூண்டிலைக் கண்டால் கால் தானாகப் போகும். கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தார். "புள்ள, அந்தாள் இரையே போடவில்லை! ஒரு நரம்பில் ஆறு கொக்கி, ஆறு கொக்கியிலும் கோழி இறகு மாதிரி ஏதோ கட்டியிருக்கு. இழுத்தால் நாலு மீன்!" மக்கரல் மீன் கூட்டமாக வரும்போது இறகைச் சின்ன மீன் என்று நினைத்துக் கவ்விவிடுமாம். இதை அந்த மனிதர் சொல்லி இவர் விளங்கிக்கொண்டதே பெரிய அதிசயம். அவர் பேசின இங்கிலீஷில் கால்வாசிதான் எனக்கே புரிந்தது. இவர் பேசினது முக்கால்வாசி கை. இருந்தும் இருவரும் ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். போகும்போது நாலு மீனை ஒரு பையில் போட்டுத் தந்தார். இவர் பழக்கதோஷத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போதுதான் உங்கள் கண் முன்னால் பிடித்த மீனுக்குச் செவுள் பார்ப்பார்களா? அந்த மனிதர் சிரித்துவிட்டு, அடுத்த மீனை இழுத்ததும் அதன் செவுளைத் தானே தூக்கிக் காட்டினார்.

இரவு, தங்கின வீட்டுக் குசினியில் மகள் அந்த மீனைக் கொறக்காப்புளி போட்டுக் காய்ச்சினாள். கொறக்காப்புளி நான் கொண்டுபோனது. நல்ல கொழுப்பு மீன். எங்கள் கறித்தூளைத் தாங்கிற்று.

மிச்ச ஊர்க் கணக்கு: கோர்க் நகரத்துக்குக் கோவ் ஊரிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை, ஒரு காலை போய், 1788இலிருந்து நடக்கிற இங்லிஷ் மார்க்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். கேஷல் பாறைக் கோட்டையைக் காருக்குள் இருந்தே பார்த்தோம். கில்கென்னியில் அரை நாள். அங்குள்ள கோட்டையை 1967இல் அதன் சொந்தக்காரர் 50 பவுணுக்கு ஊருக்குக் கொடுத்துவிட்டாராம். கேட்டதும் மருமகன், "மாமி, எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு வேலியும் அடைக்க முடியாது" என்றார். வாட்டர்ஃபோர்டும் கின்சேலும் போகவில்லை. வருத்தமும் இல்லை.

கேள்வி: கோவ் டைட்டானிக் கப்பல் நின்ற ஊர்தானே? அங்கே இப்போது என்ன இருக்கிறது? (மாணவன், செங்கலடி)

நின்ற ஊர்தான், ஆனால் கப்பல் கரைக்கு வரவில்லை. 1912 ஏப்ரல் 11 அன்று துறைமுக வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கரையிலிருந்து இரண்டு சிறு கப்பல்கள் 123 பயணிகளை ஏற்றிப் போய் அதில் விட்டன. ஏழு பேர் அங்கே இறங்கினார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் பிறகு யேசுசபைக் குருவான பிரான்சிஸ் பிரவுன். கையில் கமராவோடு இறங்கினார். அந்தக் கப்பலுக்குள் எடுத்த படங்கள் இன்று நம்மிடம் இருப்பதற்கு அவரே பெரிய காரணம். பயணிகள் நடந்துபோன பழைய மரத் துறையின் தூண்கள் சில தண்ணீருக்குள் உக்கிப்போய் நிற்கின்றன. அதை ஆட்கள் படம் எடுக்கிறார்கள். பேத்தி கேட்டாள்: "உடைஞ்ச கட்டையை ஏன் அம்மம்மா படம் எடுக்கிறாங்க?"

அப்போது ஊரின் பெயர் குயின்ஸ்டவுன். 1849இல் விக்டோரியா மகாராணி வந்து இறங்கியதற்காக மாற்றினார்கள். 1920களில் சுதந்திரம் வந்தபோது பழைய பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பழைய பெயரும் ஐரிஷ் இல்லை. குடா என்று பொருள்படும் 'கோவ்' என்ற இங்கிலீஷ் சொல்லை ஐரிஷ் எழுத்துமுறையில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மட்டக்களப்பை வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்று 'பட்டிக்கலோ' ஆக்கினான். அங்கே வெள்ளைக்காரன் சொல்லை இவர்கள் மென்றிருக்கிறார்கள். தெருப் பலகை எல்லாவற்றிலும் மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ், கீழே இங்கிலீஷ். அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் மொழி. ஆனால் 2022 குடிசன மதிப்பீட்டின்படி பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதைத் தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். பலகையில் முதலிடம் கிடைத்தால் போதாது என்பது எங்களுக்கும் தெரிந்த விஷயம்.

மகன், டைட்டானிக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த ஊரைப் பார்த்ததாகாது. 1915 மே 7 அன்று லூசித்தானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி கின்சேலுக்கு வெளியே அடித்து மூழ்கடித்தது. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். உடல்களைக் கொண்டுவந்து சேர்த்த முக்கியமான இடம் கோவ். ஊருக்கு வெளியே பழைய சேமக்காலையில் 150க்கு மேற்பட்டவர்களைப் புதைத்திருக்கிறார்கள், பலரை ஒரே குழியில், பெயர் தெரியாமல். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. புல் வெட்டியிருந்தது. இவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாவலடியில் நின்றவருக்கு அங்கே பேச ஒன்றுமில்லை. பேத்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். மகள் கண்ணைக் காட்டினாள்.

கேள்வி: அயர்லாந்தின் சின்னம் யாழாமே! காரைதீவில் பிறந்தவர்களுக்கு இதில் உரிமை உண்டல்லவா? (காரைதீவு வாசகர்)

உரிமை கேட்டு வழக்குப் போட முடியாது ஐயா, ஆனால் உறவு கொண்டாடலாம். அவர்கள் பாஸ்போர்ட்டிலும் அவர்கள் அடிக்கும் யூரோ நாணயத்திலும் இருப்பது யாழ் குடும்பத்தைச் சேர்ந்த 'ஹார்ப்'. அந்தச் சின்னத்துக்கு மாதிரியாக எடுத்தது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பாதுகாக்கிற பழைய யாழ் ஒன்றை. அங்குள்ள பேர்போன பியர் கம்பனியின் அடையாளமும் அதுதான். கம்பனி 1876இலேயே பதிவு செய்துவிட்டதால், பிறகு வந்த அரசாங்கம் தன் யாழை மற்றப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. அரசாங்கம் பியருக்கு வழிவிட்ட கதை.

கில்கென்னியில் கோட்டைக்குப் போகிற தெருவில் ஒரு பெண்பிள்ளை, பதினேழு பதினெட்டு வயது இருக்கும், யாழை மடியில் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியால்தான் மீட்டினாள். பழைய காலத்தில் உலோகக் கம்பி கட்டி நகத்தால் மீட்டுவார்களாம். நான் போட்ட ஒரு யூரோ நாணயத்திலும் யாழ் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

காரைதீவில் பிறந்து யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகளாரை நினைக்காமல் அங்கே நிற்க முடியுமா? 1792இல் பெல்ஃபாஸ்டில் எஞ்சியிருந்த யாழ்க் கலைஞர்களை ஒரு விழாவுக்கு அழைத்தார்கள். வந்த ஐரிஷ்காரர் பத்துப் பேர், பெரும்பாலும் கிழவர்கள், பலருக்குக் கண் தெரியாது. எட்வர்ட் பன்டிங் என்ற பத்தொன்பது வயது இளைஞர் பக்கத்தில் இருந்து அவர்கள் மெட்டுக்களை எழுதி எடுத்தார். அதனால்தான் அந்தப் பாட்டுகள் தப்பின. எங்கள் அடிகளாருக்கு அப்படி ஒரு கிழவர்கூட மிஞ்சவில்லை. யாழ் வாசிக்கிற கடைசி ஆள் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே போய்விட்டார். சிலப்பதிகாரத்து வரிகளையும் உரைகளையும் வைத்துக்கொண்டு, படித்த பௌதிகத்தையும் கணிதத்தையும் பிடித்துக்கொண்டு, 21 நரம்புப் பேரியாழ் எப்படி ஒலித்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. யாழ் நூல் அரங்கேறியது 1947 ஜூனில். அடுத்த மாதமே அவர் போய்விட்டார். அந்தப் பத்துக் கிழவர்களில் ஒருவரையாவது அவரிடம் அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

கேள்வி: ஹலால் சாப்பாடு கிடைக்குமா? மீன் பொரியல் சாப்பிட்டுச் சமாளிக்கலாமா? (காத்தான்குடி வாசகர்)

கோர்க், கால்வே, டப்ளின் மூன்றிலும் ஹலால் கடைகள் இருக்கின்றன. டப்ளின் குளொன்ஸ்கீ பள்ளிவாசல் பெரியது, 1996இல் திறந்தது. மேயோ மாவட்டத்தில் பாலிஹோனிஸ் என்றொரு சின்ன ஊர். ஹலால் இறைச்சித் தொழிற்சாலை வந்ததால் முஸ்லிம்கள் குடியேறி, 1987இலேயே பள்ளிவாசல் கட்டிவிட்டார்கள். சின்ன ஊர்களில்தான் பாடு.

மீன் பொரியலை நம்பிப் போகாதீர்கள் தம்பி. சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் மீனையும் கிழங்கையும் பொரிக்கிறார்கள், அதுதான் ருசி என்று பெருமையாகப் பலகையிலும் எழுதுகிறார்கள். உங்களுக்கு அது ஹலால் இல்லை. மாடு சாப்பிடாத எங்களுக்கும் ஆகாது. வாசலிலேயே கேட்டுவிடுங்கள், கோபிக்க மாட்டார்கள். நாங்கள் கேட்காமல் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டோம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

கேள்வி: வெளிநாட்டில் வெற்றுப் போத்தலுக்குக் காசு தருவார்கள் என்கிறார்களே, உண்மையா? (மாணவி, களுவாஞ்சிக்குடி)

தருவதில்லை மகள், திருப்பித் தருகிறார்கள். 2024 பெப்ரவரி 1இலிருந்து அயர்லாந்தில் பிளாஸ்டிக் போத்தலோ தகரக் குவளையோ வாங்கினால், அரை லீற்றர் வரை 15 சதம், அதற்கு மேல் 25 சதம் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். வெறுமையான பிறகு சுப்பர்மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தின் வாய்க்குள் போட்டால் அந்தக் காசுக்கு ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டை அந்தக் கடையில் கொடுக்கலாம். கண்ணாடிப் போத்தலுக்கும் பால் போத்தலுக்கும் இது இல்லை.

பேத்தி பன்னிரண்டு நாளும் காரின் பின்பக்கத்தில் ஒரு பை வைத்துச் சேர்த்தாள். தாத்தாவும் உதவி செய்தார். அங்கேதான் கெட்டது. கல்லடி வழக்கப்படி குடித்து முடித்ததும் மூடியைக் கழற்றி, போத்தலைக் காலால் மிதித்து, தட்டையாக்கி, அழகாக அடுக்கி வைத்துவிட்டார். கடைசி நாள் டப்ளினில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறோம். போத்தலை அது சுழற்றிப் பார்க்கிறது, கோட்டுக் குறியைத் தேடுகிறது. நசுங்கினதைக் கண்டால் அப்படியே திருப்பித் துப்புகிறது. ஒன்று, இரண்டு, ஏழு. பின்னால் வரிசை. இவர் ஏழையும் எடுத்து வாய் வைத்து ஊதினார், ஒவ்வொன்றாக, முகம் சிவக்க. இரண்டு ஓரளவுக்கு நிமிர்ந்தன. அவற்றையும் அது துப்பியது. வரிசையில் நின்ற ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தன் பையில் இருந்த நல்ல போத்தல் ஒன்றைப் பேத்தி கையில் கொடுத்தாள். கடைசியில் சின்னது ஒன்பது, பெரியது இரண்டு ஏற்றுக்கொண்டது: 1 யூரோ 85 சதம். அந்தச் சீட்டுக்குப் பேத்தி சொக்லேட் வாங்கி ஐந்தாகப் பிரித்தாள். தாத்தாவுக்குச் சின்னத் துண்டு.

கேள்வி: நான் அறுகம்பேயில் அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே அலை உண்டா? (பொத்துவில் வாசகர்)

உண்டு. கிளேர் மாவட்டத்து லஹின்ச் வழியாகப் போனோம், ஜூலையில் தலையிலிருந்து கால் வரை ரப்பர் உடுப்போடு பிள்ளைகள் தண்ணீருக்குள் நின்றார்கள். டொனிகோலில் பண்டோரன் இன்னும் பேர்போனதாம். தண்ணீரில் நான் கால் வைத்தேன். ஒரு தடவைதான்.

கேள்வி: எந்நேரமும் மழையாமே? என்ன உடுப்புக் கொண்டுபோக வேண்டும்? (வாசகி, அக்கரைப்பற்று)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தேன். ஜூலையில் எங்களுக்கு என்ன காற்று? கச்சான். தென்மேல் காற்று மழையை எல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு சூடாக எங்களிடம் இறங்குகிறது. அயர்லாந்துக்கும் வருவது பெரும்பாலும் தென்மேல், மேல் காற்றுத்தான். ஆனால் அவர்கள் அதன் வாசலில் இருக்கிறார்கள். அத்திலாந்திக்கில் குடித்த தண்ணீரை அது மேற்குக் கரையிலேயே கக்குகிறது. கால்வேப் பக்கம் வருடத்துக்கு 1,000 மில்லிமீற்றருக்கு மேல். கிழக்கே டப்ளினில் 750 அளவுதான். மொத்தக் கணக்கில் மட்டக்களப்பு டப்ளினைவிட இரண்டு மடங்கு. நாங்கள் மார்கழியை ஒட்டி ஒரே அடியாக வாங்குகிறோம்; அவர்கள் வருடம் முழுக்கச் சில்லறையாக வாங்குகிறார்கள்.

குடை வேண்டாம், காற்றில் இரண்டு உடைந்தது. தலைமூடி வைத்த மழை ஜக்கெட் போதும். சேலை கட்டலாம். மோஹர் செங்குத்துப் பாறை விளிம்பில் மட்டும் வேண்டாம். கடலிலிருந்து 214 மீற்றர் உயரம், கீழிருந்து மேலே அடிக்கிற காற்று. நான் கட்டிப்போய்ப் பட்டது போதும்.

கேள்வி: கால்டுவெல் ஐயர் அயர்லாந்தில் பிறந்தவர் என்று படித்தேன். அந்த ஊருக்குப் போனீர்களா? விசா எப்படி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை)

போக ஆசை இருந்தது சேர். 1814இல் அன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில், ஸ்கொட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். எங்கள் மெதடிஸ்த மத்திய கல்லூரியை வில்லியம் ஓல்ட் தொடங்கியதும் அதே 1814. திராவிட மொழிகளை ஒப்பிட்டு 1856இல் அவர் எழுதிய இலக்கணத்தை நீங்களும் நானும் சோதனைக்குப் பாடமாக்கியவர்கள்.

ஆனால் அன்ட்ரிம் இப்போது வட அயர்லாந்து, அதாவது பிரித்தானியா. எங்கள் பாஸ்போர்ட்டுக்கு வேறு விசா வேண்டும். எல்லையில் கம்பியும் இல்லை, காவலும் இல்லை. கிலோமீற்றர்ப் பலகை மைல் பலகையாக மாறும், அதுதான் அடையாளம். "ஆர் பார்க்கப்போறாங்க?" என்று இவர் கேட்டார். மகளின் வேலையும் விசாவும் எங்கள் ஆசையைவிடப் பெரிது என்று சொல்லி வாயை மூடவைத்தேன். கண்டுபிடித்தால் வழக்கு. செய்யாதீர்கள்.

இன்னொன்று, சுவிஸிலும் ஜெர்மனியிலும் பிள்ளைகள் இருக்கிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது: ஷெங்கன் விசாவில் அயர்லாந்துக்குள் போக முடியாது. அயர்லாந்து அந்தக் கூட்டில் இல்லை. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறை நுழைவுக்கு 60 யூரோ. பிள்ளையின் சம்பளச் சீட்டு, அழைப்புக் கடிதம், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். நான் ஓய்வூதியப் பத்திரமும் கல்லடி வீட்டு உறுதியும் வைத்தேன்.

கேள்வி: எங்களுக்கு என்ன கொண்டு வந்தீர்கள்? (பக்கத்து வீட்டுக்காரி, கல்லடி)

என்னகா, இதையும் பத்திரிகைக்கு எழுதிக் கேட்பீர்களா? மூன்று போத்தல் ரூபாப் தண்டு ஜாம் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தேன். வழியில் மாறின விமான நிலையத்தில் ஜாமும் தண்ணீர்க் கணக்குத்தான் என்று சொல்லி எடுத்துக் கூடைக்குள் போட்டுவிட்டார்கள். அதில் ஒன்று உங்களுடையது.

கேள்வி: மகளை விட்டுவிட்டு வரும்போது அழுதீர்களா டீச்சர்? என் மகன் அடுத்த மாதம் கட்டார் போகிறான். அதனால்தான் கேட்கிறேன். (ஒரு தாய், வாழைச்சேனை)

கோவ் ஊர்க் கரையோரம் ஒரு சிலை இருக்கிறது. அனி மூர் என்ற பதினேழு வயதுப் பிள்ளை, இரண்டு தம்பிமாரோடு. அமெரிக்காவில் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனவள், புறப்பட்டது அந்தத் துறையிலிருந்து. 1845இல் உருளைக்கிழங்குக்கு நோய் வந்து, வருடக்கணக்கில் பயிர் அழிந்து, ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். நுவரெலியாவில் கிழங்கு போடுகிறவர்களுக்கும் அந்த நோய் தெரியும். அவர்களிடம் இப்போது மருந்து இருக்கிறது. அதற்குப் பிறகும் போவது நிற்கவில்லை. 1848இலிருந்து நூறு வருடத்தில் அயர்லாந்தை விட்டுப்போன அறுபது லட்சம் பேரில் இருபத்தைந்து லட்சம் பேர் கோவ் துறையால் போனவர்கள். பழைய ரயில் நிலையத்தில் இதையெல்லாம் காட்சியாக வைத்திருக்கிறார்கள். அங்கே நான் படித்த ஒன்று: அமெரிக்கா போகிறவருக்கு முதல் நாள் இரவு வீட்டில் செத்தவீடு மாதிரி விழித்திருப்பார்களாம். அயலார் வருவார்கள், பாட்டு, ஆட்டம், விடியும்போது ஒப்பாரி. திரும்பி வரமாட்டார் என்று தெரிந்ததால் உயிரோடு இருக்கும்போதே செய்த செத்தவீடு.

மகள் அதைப் படித்துவிட்டு, "அம்மா, நான் போகேக்க நீங்க அழவே இல்லையே" என்றாள். உண்மை. நாலு வருடத்துக்கு முன் அவளைக் கட்டுநாயக்காவில் விட்டபோது நான் அழவில்லை. பாஸ்போர்ட் எங்கே, காசு எங்கே என்று அவளை ஏசிக்கொண்டே இருந்தேன்.

உங்கள் மகனுக்கு வீடியோ கோல் இருக்கிறது, லீவு இருக்கிறது. அந்தக் காலத்தில் கப்பலேறினவர்களின் வீட்டாருக்கு இருந்தது கடிதம் மட்டும். அழுகை வந்தால் அழுங்கள். போகிற பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று சட்டம் இல்லை. ஏசுவதைவிட அது நல்லது.

நான் இந்த முறை டப்ளினிலும் அழவில்லை. கடைசி இரவு மகள் பாண் சுட்டாள். ஈஸ்ட் இல்லாமல், அப்பச்சோடாவும் மோரும் விட்டுப் பிசைந்து, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறிச் சுடுகிற மண்ணிறப் பாண். பக்கத்து வீட்டு அம்மா பழக்கினதாம். பாதியை ஒரு துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தாள். விமானத்தில் சாப்பாடு தருகிறார்கள், இதெல்லாம் எதற்கு என்று அதற்கும் ஏசினேன்.

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறினோம். நள்ளிரவு தாண்டி, பொலன்னறுவைக்குக் கிட்ட, தண்டவாளத்தில் யானை நிற்கிறது என்று வண்டியை நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் மின்விசிறியும் இல்லை, காற்றும் இல்லை. இவர், "புள்ள, பசிக்குது" என்றார். பையைத் துழாவினேன். துணி கையில் பட்டது. பாண் காய்ந்து கல்லாகிவிட்டது. இவர் அதைத் தேத்தண்ணிக்குள் நனைத்து என்னிடம் ஒரு துண்டை நீட்டினார். அப்போதுதான் அழுதேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி வெளிக்கிடும்வரை இருவரும் அதை நனைத்து நனைத்துச் சாப்பிட்டோம்.